செட்டிநாட்டுப் பள்ளிகளின் வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் பிளஸ் டூ முடித்து, இந்த ஆண்டு பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பாடம் வரலாறுதான். உங்களிடம் ஒன்று கேட்பதற்காக இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டோம். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து "முத்துத் துறைமுகம், 1941 டிசம்பர் 7" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். படுத்திருந்த அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார். "சப்பான்காரன் சண்டையா படிக்கிறே? அதுலதான்டி எங்கய்யா ரங்கூன்லேருந்து நடந்தே வந்தாரு."

அப்பத்தாவின் அப்பாவான அந்த அய்யா, ரங்கூன் மொகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை பார்த்தவர். டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜனங்களோடு ஜனமாகப் புரோம் வழியே அரக்கான் மலையில் ஏறி இறங்கி, சிட்டகாங் வந்து, அங்கிருந்து ஊர் சேர்ந்திருக்கிறார். வாசலில் தாடியும் கிழிசலுமாக நின்றவரைப் பார்த்து, யாரோ பிச்சைக்காரர் என்று ஆத்தாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாராம் நாலு வயது அப்பத்தா.

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்ல எழுந்தேன். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றார்கள். பாடத்தை முடித்தாக வேண்டிய நெருக்கடி ஆசிரியர்களுக்கு உண்டு, தெரியும். ஆனாலும் அன்று உட்கார்ந்தவள், அந்த வகுப்பில் பிறகு எதற்கும் எழுந்திருக்கவில்லை.

அந்த லீவில்தான் அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த அய்யா மடியில் கட்டிக் கொண்டுவந்த கணக்கு நோட்டைக் கையில் கொடுத்தார். தண்ணீர் பட்டு ஓரம் பழுத்துப்போன நோட்டு. தொகை இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'க', 'உ', 'எ' என்று எழுத்துகளாக இருந்தன. ஒன்று, இரண்டு, ஏழு என்று விரல் வைத்துச் சொல்லித் தந்தது அப்பத்தாதான். பத்து ஆண்டு தமிழ் படித்தும் தமிழ் இலக்கம் வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

அந்த நோட்டு என்னைத் தேட வைத்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலமே, அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் கையில் இருந்திருக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, 1938க்குள் அது 25 சதவீதம் ஆனது. கானாடுகாத்தானில் பர்மாத் தேக்குத் தூண்களைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தேக்கோடு அந்த விவசாயியின் வயலையும் சேர்த்துத்தான் இப்போது நினைக்க முடிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

நான் கேட்பது இதுதான். பருவத்துக்கு ஒரே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்று கொண்டுவரட்டும்: கடிதம், பத்திரம், ரேஷன் கார்டு, ஏனத்தில் வெட்டிய பெயர், எதுவானாலும். அது யாருடையது, எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வந்து சொல்லட்டும். முடிந்தால் ஒருநாள் திருப்பத்தூருக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போங்கள். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊரில் நின்று அந்தப் பாடத்தை நடத்துங்கள்.

இதில் அவசரமும் இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு கட்டுப் பேரேடுகளைப் பார்த்தேன். யார் வீட்டுக் கணக்கு என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த பழைய புத்தகங்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் சென்னையில் ஆய்வு நூலகமாகப் பிழைத்தன. எல்லா வீட்டுக் காகிதத்துக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நோட்டோடு வருகிறேன். அப்பத்தாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, படி ஏறமாட்டார். கீழ்த்தளத்தில் ஒரு வகுப்பறை கிடைத்தால் அவரையும் அழைத்து வருவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி,
காரைக்குடி