கரை தெரியும் என்று விற்ற பால்கனி அறைக்குப் பணத்தைத் திருப்பித் தரவும்

அனுப்புநர்: மாதுங்கா, மும்பை.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், மும்பை அலுவலகம்.

ஐயா,

சென்ற மாதம் மும்பையிலிருந்து கோவா போய்வரும் உங்கள் கப்பலில் என் அப்பாவை அழைத்துச் சென்றேன். அவருக்கு 78 வயது. திருநெல்வேலியிலிருந்து வந்து மும்பைத் துறைமுகத்தில் 31 வருடம் கிரேன் ஓட்டியவர். எத்தனையோ கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றியிருக்கிறார், பயணியாக ஒருமுறைகூட ஏறியதில்லை. விஜயதுர்க், சிந்துதுர்க் கோட்டைகளைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இதைச் சொல்லித்தான் முன்பதிவு செய்தேன். "கொங்கண் கரையை ஒட்டியே போகும், பால்கனியில் உட்கார்ந்தே பார்க்கலாம்" என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. அதை நம்பி 14,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன்.

கொடுத்ததோ வலப்பக்க அறை. தெற்கே போகிற கப்பலுக்குக் கரை இடப்பக்கம்தானே இருக்கும்? மறுநாள் பகல் முழுக்கக் கடலில்தான் என்பதால் அப்பாவை மேல் டெக்குக்குக் கூட்டிப்போனேன். பைனாகுலரில் உப்புப் படியப் படியத் துண்டு நுனியால் துடைத்துவிட்டு மதியம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. "மூட்டமா இருக்கும்மா, நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்று எனக்கு அவர் ஆறுதல் சொன்னார். திரும்பும்போது எங்கள் அறை கரைப்பக்கம் வந்தது, ஆனால் அது இரவு.

கப்பல் அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். கரையிலிருந்து சுமார் 25 கடல் மைலில் போகிறோம் என்றார். அதாவது 46 கிலோமீட்டர். 30 மீட்டர் உயர டெக்கில் நின்றாலும் கடல்மட்டத்தில் கண்ணுக்கு எட்டுவது 20 கிலோமீட்டர்தான். கோட்டை எப்படித் தெரியும்?

கப்பலைக் கரையோரம் ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே பாறை உண்டு, மீனவர்களின் படகும் வலையும் உண்டு. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவை நெருங்கிப் போய்ப் பாறையில் மோதிய கோஸ்டா கான்கார்டியா கப்பலில் 32 பேர் இறந்தார்கள். தள்ளிப் போவதுதான் சரி. அதை டிக்கெட் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் விளம்பரப் படத்திலோ தென்னந்தோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பால்கனிக்காக வாங்கிய 14,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, கப்பல் எவ்வளவு தூரத்தில் போகும், எந்தப் பக்க அறைக்குக் கரை தெரியும் என்று முன்பதிவுப் பக்கத்திலேயே போடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன். ரசீது நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கப்பலில் வந்த பயணி