எட்டு பீஸ் பாவாடையும் ஒரு ராக்கெட்டும்

ரிவர்சைடு, கலிபோர்னியா
நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை என்று அம்மா சொன்னதால், இந்த முறை எல்லாவற்றையும் எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். "தீபாவளி ராக்கெட்தானே, அதற்கு எதற்கு ஆறு மாதம்?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நான் செய்தது ஆறடி உயரமும் மூன்று அங்குல விட்டமும் உள்ள ஒன்று. மோட்டாரையும் (உந்தித் தள்ளும் எரிபொருள் குழாயைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) சேர்த்தால் ஒன்றரைக் கிலோ எடை. இங்கே இதை உயர்சக்தி ராக்கெட் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். ஒவ்வோர் எழுத்துக்கும் மொத்த உந்துதலின் உச்ச வரம்பு இரு மடங்காகும். 'ஜி' வரை பெரும்பாலும் யாரும் வாங்கலாம். 'எச்' தொடங்கினால் சான்றிதழ் வேண்டும். அந்த முதல் நிலைச் சான்றிதழைப் பெற, ராக்கெட்டை நாமே கட்டி, அனுபவமுள்ள ஒருவர் முன்னிலையில் பறக்கவிட்டு, அதைச் சேதமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எவ்வளவு உயரம் போயிற்று என்று யாரும் கேட்பதில்லை; எப்படி இறங்கியது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

வெடிமருந்து என்று அம்மா பயப்பட வேண்டாம். மோட்டாரில் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட்டை ரப்பர் போன்ற பசையில் கலந்து இறுக வைத்த எரிபொருள். இது வெடிக்காது, எரியும். 2009ஆம் ஆண்டு இங்குள்ள நீதிமன்றமும் இதை வெடிபொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரக் கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. நம் பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் ஏறக்குறைய 139 டன் எரிகிறதே, அதுவும் இதே குடும்பம்தான். என் மோட்டாரில் இருந்தது நூறு கிராமுக்கும் குறைவு.

உடலுக்குக் கெட்டி அட்டைக் குழாய், இறக்கைகளுக்கு மூன்று மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட். இறக்கையைக் குழாயின் மேல்தோலில் ஒட்டினால் முதல் பறப்பிலேயே பிய்ந்துவிடும். அதனால் குழாயில் கீறல் வெட்டி, அதன் வழியே உள்ளே நுழைத்து, மோட்டார் அமரும் உள்குழாயோடு எபாக்ஸி பசை வைத்து ஒட்டினேன். நேராகப் பறப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ராக்கெட்டை ஒரு கயிற்றுச் சுருக்கில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் தராசு முள் போல ஆடாமல் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட வேண்டும். அது எடையின் மையம். காற்று தள்ளும் விசையின் மையத்தைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு 1966இல் பாரோமன் என்ற நாசா பொறியாளர் தந்த சமன்பாடுகள் இருக்கின்றன. ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது. எடையின் மையம் மற்றதற்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டமாவது முன்னால் இருக்க வேண்டும். எனக்கு அது போதாமல் இருந்ததால், மூக்குக் கூம்புக்குள் ஈயக் குண்டுகளைப் போட்டு எபாக்ஸி ஊற்றி இறுக்கினேன்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். பாராசூட் கடையில் கிடைக்கும், நான் வாங்கவில்லை. எட்டு பீஸ் உள்பாவாடைக்கு நீங்கள் காகிதத்தில் ஒரு பீஸை மட்டும் வரைந்து, அதை வைத்தே எட்டையும் வெட்டுவீர்களே, அதே முறையில் மெல்லிய நைலான் துணியில் எட்டுத் துண்டு வெட்டினேன். விரித்தால் நூற்றுப் பத்து சென்டிமீட்டர் அகலம். நடுவில் இடுப்புச் சுற்று போல ஒரு சிறு வட்டம் திறந்திருக்கும். காற்று அதன் வழியே வெளியேறாவிட்டால் குடை ஊஞ்சல் போல ஆடும். இரண்டு ஓரங்களையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கயிறு சேரும் இடங்களில் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டினேன். பணகுடிக் கடையில் பெஞ்சில் உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த வேலை எனக்கு எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அதைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது.

செப்டம்பரில் முதல் முறை பறக்கவிட்டேன். தோற்றது. மோட்டார் எரிந்து முடிந்தபின் ராக்கெட் தன் வேகத்திலேயே மேலே போய்க்கொண்டிருக்கும்; உச்சியில் அது ஏறக்குறைய நிற்கும் கணத்தில், மோட்டாரின் தலையில் உள்ள சிறு கருமருந்து வெடித்துக் குடையை வெளியே தள்ள வேண்டும். அந்த இடைவெளியைத் தருவது மெதுவாக எரியும் ஒரு தாமதத் துண்டு. கடையில் வாங்கும்போது அது 14 விநாடிக்கு இருக்கும். நமக்கு வேண்டிய அளவுக்குக் குடைந்து குறைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு எட்டு விநாடி எஞ்ச வேண்டும், ஆகவே ஆறு விநாடியைக் குடைந்து எடுக்க வேண்டும். நானோ எட்டை எடுத்துவிட்டு ஆறை மிச்சம் வைத்தேன். தைக்க வேண்டிய அளவையும் வெட்ட வேண்டிய அளவையும் மாற்றிக் குறித்த கதைதான். ராக்கெட் இன்னும் மணிக்கு ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே குடை விரிந்தது. குடையையும் ராக்கெட்டையும் இணைத்த மெல்லிய கெவ்லர் கயிறு, அட்டைக் குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போயிற்று. இதற்கு இங்கே 'ஜிப்பர்' என்றே பெயர். பார்த்தால் பேண்டில் ஜிப் திறந்தது போலவே இருக்கிறது. உங்கள் முறைப்படி போட்ட தையலில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிழிந்த பகுதியை அறுத்துவிட்டுப் புதுக் குழாய் இணைத்து, சென்ற சனிக்கிழமை மறுபடி போனேன். லூசெர்ன் என்ற வறண்ட ஏரி. வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். தண்ணீர் என்பதே இல்லாமல், வெடித்த களிமண் தரை கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும். வான்வெளிக்கு விமானத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருப்பார்கள். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற தாத்தாக்கள். பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் ஒவ்வோர் இறக்கையையும் பிடித்து அசைத்துப் பார்த்தார். மூக்குக் கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்கி, கழன்று விழுகிறதா என்று குலுக்கினார். தாமதம் எத்தனை விநாடி என்று கேட்டார். கையில் எழுதி வைத்திருந்த எண்ணைக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

குடையின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குழந்தைப் பவுடர் தூவி, தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணியில் பொதிந்து உள்ளே வைத்திருந்தேன். அலுமினியத் தண்டவாளத்தில் ராக்கெட்டை ஏற்றி, பற்றவைக்கும் கம்பியைப் பொருத்திவிட்டு நூறடிக்கு அப்பால் வந்து நின்றேன். ஐந்திலிருந்து எண்ணினார்கள். அதன் பிறகு சத்தம் கேட்டபோது, மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை நடக்கும் நாட்களில் நாம் கடை வாசலுக்கு வந்து நிற்பது நினைவுக்கு வந்தது. இது அந்த உறுமலின் பேரப்பிள்ளை அளவுக்குத்தான் இருக்கும். எரிந்தது ஒன்றரை விநாடிகூட இல்லை. அதற்குப் பிறகு வெறும் வானம்தான். அந்த எட்டு விநாடியில் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. மேலே ஒரு வெள்ளைப் புகைப்பொட்டு, சிறிது கழித்து 'டப்' என்று ஒலி, பிறகு ஆரஞ்சும் கறுப்புமாக எட்டுத் துண்டும் விரிந்தன. இறங்க ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. காற்று அதைக் கால் மைல் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டது, நடந்துபோய் எடுத்தேன். உள்ளே வைத்திருந்த உயரமானி 1,640 அடி காட்டியது. குழாயில் கீறல் இல்லை. சான்றளிப்பவர் குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டார். என் அப்பா தையல்காரர் என்றேன். பிறகுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வண்டிக்குத் திரும்பி, கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையைப் பக்கத்து மேசைத் தாத்தாவோடு பகிர்ந்து சாப்பிட்டேன். காரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர்தான் அதிகம் சாப்பிட்டார்.

அடுத்தது இன்னும் பெரிதாக இருக்கும்; அதற்கு ஒன்றரை மீட்டர் குடை வேண்டும். ஒரு சந்தேகம் கேட்கிறேன். இந்த நைலானில் நீளமாகத் தைக்கும்போது தையல் வரி சுருங்கிக்கொள்கிறது. நூலின் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தும் முழுதாகச் சரியாகவில்லை. நான் போட்டிருப்பது 14ஆம் எண் ஊசி. 11க்கு மாற்றலாமா, அல்லது துணிக்கு அடியில் காகிதம் வைத்துத் தைக்கலாமா என்று எழுதுங்கள். தைத்த துண்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கையில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்,
செல்வம்