ரயில் நிலையக் காட்சி

அன்புள்ள அப்பா,

நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் போட்ட 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்ற இசை நாடகம் பார்க்கப் போயிருந்தேன். 1964-ல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் மேடையேறி 3,242 காட்சிகள் ஓடியது. கதை இதுதான்: 1905-ல் ரஷ்யாவில் ஜார் மன்னரின் ஆட்சியில் அனடெவ்கா என்ற யூத கிராமம், அங்கே டெவ்யா என்ற ஏழைப் பால்காரர், அவருக்கு ஐந்து பெண்கள். மூத்தவள் தையல்காரனைக் கட்டிக்கொள்கிறாள், அடுத்தவள் புரட்சி பேசும் மாணவனை, மூன்றாமவள் வேறு மதத்துப் பையனை. முதல் இருவருக்கும் மனசு இறங்கிவரும் அப்பா மூன்றாமவளிடம் இறங்கவே மாட்டேன் என்கிறார்.

டெவ்யாவாக நடித்தவன் என்னோடு புள்ளியியல் படிக்கிறவன், ஒட்டுத்தாடி வைத்திருந்தான். கல்யாணக் காட்சியில் தொப்பிமேல் பாட்டிலை நிறுத்தி மண்டியிட்டு ஆடுவார்கள், அதில் ஒருவனுடைய பாட்டில் விழுந்துவிட்டது, அவன் சிரித்தபடி ஓரமாகப் போய் நின்று மற்றவர்களுக்குத் தாளம் போட்டான், அரங்கமே அவனுக்குத்தான் அதிகம் கைதட்டியது.

ஆனால் அப்பா, நான் எழுத உட்கார்ந்தது ரயில் நிலையக் காட்சிக்காக. இரண்டாவது பெண் ஹோடலின் காதலனைக் கைதுசெய்து சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், இவளும் அங்கே கிளம்புகிறாள், வழியனுப்ப அப்பா வந்திருக்கிறார். அவள் பாடும்போது மைக் நின்றுபோனது. ஆர்கெஸ்ட்ராவை நடத்திய மாணவி கையைத் தாழ்த்தினாள், வாத்தியங்கள் அடங்கின, மைக் இல்லாத அந்தக் குரல் கடைசி வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது. தொழில்முறைக் குழு போட்டால் எல்லாம் பிசிறில்லாமல் இருந்திருக்கும், சரி, ஆனால் இப்போதுதான் வீட்டை விட்டு வந்த ஒரு பெண், வீட்டை விட்டுப் போகிறவளாக நின்று பாடுவது வேறு. டெவ்யாவாக நடித்த பையனும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான், விமான நிலையத்தில் நீங்கள் என் பெட்டியின் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தீர்களே, அப்படி. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீங்கள் அங்கே நின்றதுதான் எனக்குத் தைரியம்.

1971-ல் இது படமாகவும் வந்தது, டோபோல் என்ற நடிகர்தான் டெவ்யா. மூன்று மணி நேரம், இரண்டு நாளாகப் பிரித்தாவது அம்மாவோடு பாருங்கள். அப்புறம் மூன்றாவது பெண் விஷயத்தில் டெவ்யா செய்தது சரியா என்று எழுதுங்கள். தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது, நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்றும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் மகள்