புரூக் பாண்டில் பாண்ட் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலை நிறுவனங்களைப் பற்றிய கட்டுரையில், புரூக், பாண்ட் என்ற இரு கூட்டாளிகள் சேர்ந்து தொடங்கியது புரூக் பாண்ட் என்று எழுதியிருந்தீர்கள். பாண்ட் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

இருபதுகளில் இருந்த ஆர்தர் புரூக், 1869-இல் மான்செஸ்டரின் மார்க்கெட் தெருவில் தனியாளாகத்தான் கடை திறந்தார். நல்ல தேயிலை தருவேன் என்று வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குறுதிதான் அந்த 'பாண்ட்' என்று சொல்வார்கள். நாம் பத்திரம் எழுத 'பாண்டு பேப்பர்' வாங்குகிறோமே, அதே சொல்தான். 1903-இல் ரெட் லேபிள் இந்தியாவுக்கு வந்தது. 1984-இல் நிறுவனம் யூனிலீவர் கைக்குப் போனது.

என் பாட்டி கடையில் டீத்தூள் என்று கேட்டதே இல்லை, 'புருக்பாண்டு குடுங்க' என்றுதான் கேட்பார். அவர் வைத்திருந்த தகர டப்பாவில் இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறேன். மூடி துருப்பிடித்துவிட்டது, எழுத்து மட்டும் இன்னும் அழியவில்லை. அப்படிப் புழங்கிய பெயரின் கதை தப்பாகப் பதிவாவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் பக்கம் அது. அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

- ஒரு வாசகி, கோத்தகிரி