இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு நன்றி

புராஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின், சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்ததும் சில காலம் சிறுநீர் கட்டுப்படாமல் கசியக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் இருமினாலே உடை நனைந்துவிடும் அவதி எப்படிப்பட்டது என்பது பட்டபோதுதான் தெரிந்தது. அன்றிரவு நனைந்த விரிப்பின் மேலேயே, கூச்சத்தால் அழைப்பு மணியைத் தொடாமல் படுத்திருந்தேன்.

சகோதரி, நீங்கள் எதுவும் கேட்கவில்லை. திரையை இழுத்து மூடி, என்னை ஒருபுறமாகத் திருப்பி விரிப்பை மாற்றினீர்கள். தோல் புண்ணாகாதிருக்க ஈரத்தைத் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, களிம்பு பூசி, கசிவை உறிஞ்சும் பேடின் பின்புறத் தாளை உரித்து உள்ளாடையில் ஒட்டும் விதத்தையும் காட்டினீர்கள். "எழுவதற்கும் இருமுவதற்கும் முன்பே, வாயுவை அடக்குவதுபோல் கீழ்த்தசையை இறுக்கிக்கொள்ளுங்கள் ஐயா, வயிற்றை இறுக்கவும் வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம்" என்றீர்கள். கசிவுக்குப் பயந்து நான் தண்ணீரைத் தவிர்த்து வந்ததை, மேசையில் நிரம்பியபடியே இருந்த குவளையைப் பார்த்தே கண்டுகொண்டு, சிறுநீர் அடர்ந்தால் சிறுநீர்ப்பை இன்னும் உறுத்தும், குறைப்பதானால் காபியைக் குறையுங்கள் என்று விளக்கினீர்கள். வீட்டார் முன் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது இரவில் விரிப்பு நனைவதில்லை. தும்மல் மட்டும் அவ்வப்போது ஏமாற்றிவிடுகிறது. உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவும் எனக்கு அன்று தோன்றவில்லை. இப்பதிவு உங்கள் கண்ணில் பட்டால், என் மனமார்ந்த நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள்.