தம்பியை வெளியே கொண்டுவந்தவர்களுக்கு

வணக்கம். தம்பி வீட்டுக்கு வந்து இன்றோடு 16 நாள். ஒவ்வொருவருக்கும் போனில் நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நாலு பேர் பார்க்க எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

பைக் திருட்டு வழக்கில் அவனை ரிமாண்ட் செய்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே வழி, தோட்டை அடகு வைத்து வக்கீல் பிடிப்பது. லீகல் எய்டு, அதாவது இலவச சட்ட உதவி என்று யாரோ சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பல வருடம் முன்னால் அப்பாவின் வழக்குக்கு அப்படித்தான் வக்கீல் வந்தார்கள். மூன்று பேர் மாறினார்கள், ஒருவரும் ஜெயிலுக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டால் அம்மா என்னை அடக்குவாள்: "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?"

நான் மறுத்தாலும் தம்பி உள்ளேயே மனு கொடுத்துவிட்டான். எழுதிக் கொடுத்தவர் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெற்ற ஒரு தண்டனைக் கைதி. முதல் நன்றி அவருக்கு.

அந்த மனுவைப் பார்த்து வந்தவர்தான் எங்கள் வக்கீல் மேடம். ஜெயிலில் தம்பி எதிரே நோட்டோடு உட்கார்ந்து, "அன்னைக்கு ராத்திரி எங்கே சாப்பிட்டே?" என்று கேட்டிருக்கிறார். பரோட்டா கடை என்றான். காசு எப்படிக் கொடுத்தாய்? ஜிபே. அந்த நேரம் வங்கிக் கணக்கில் அப்படியே இருந்தது, 9.42. பைக் காணாமல் போனதாகச் சொன்ன இடம் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். போலீஸும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அம்மாவின் பழமொழியை மேடத்திடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "இது தானமாடு இல்லக்கா, தாராளமா பல்லைப் பாருங்க" என்றார். இலவச சட்ட உதவி 1976-லேயே அரசியல் சட்டத்தில் 39ஏ என்று ஏறிவிட்டதாம். காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்கே பார்ப்பதில்லை, பெண்களுக்கும் அப்படித்தான். முன்பு சட்ட உதவிப் பட்டியலில் உள்ள வக்கீல்கள் சொந்தக் கேஸ்களுக்கு நடுவே இதையும் பார்ப்பார்கள், கேஸுக்கு இவ்வளவு என்று சொற்பத் தொகை. 2022-ல் வந்த ஏற்பாட்டில் மேடம் மாதிரி ஆட்களுக்கு மாதச் சம்பளம், தனி அலுவலகம், வெளிக்கேஸ் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு வந்தவர்கள் மேல் இருந்த கோபம் இதைக் கேட்டதும் பாதி குறைந்தது. மீதி இன்னும் இருக்கிறது. மேடத்தின் வேலையும் ஒப்பந்தம்தான் என்றதும் வயிற்றைக் கலக்கியது. இவரையும் மாற்றிவிட்டால்?

சரி, ஜாமீன் கிடைத்தது. ஆனால் தலா பத்தாயிரத்துக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் போனை எடுக்கவில்லை. கோர்ட் வாசலில் ஒருவர் கையெழுத்துக்கு ஐயாயிரம் கேட்டார். கையில் ஜாமீன் உத்தரவு இருந்தும் தம்பி உள்ளேயே கிடந்தான்.

ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் ஜெயில் சூப்பிரண்டு இந்த இலவச உதவியைக் கவனிக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அப்படித் தகவல் போய், சட்டத் தன்னார்வலரான பாரா லீகல் அக்கா எங்கள் வீடு தேடி வந்தார். வாடகை வீடு, தையல் மிஷின், என் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். அதை வைத்து மேடம் நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டார். ஒரு ஜாமீன்தார் போதும் என்று உத்தரவானது. அந்த ஒருவர் எங்கள் தெரு டீக்கடை அண்ணன். கடையை மூடிவிட்டு, வீட்டு வரி ரசீதை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு காலை முதல் சாயங்காலம் வரை கோர்ட்டில் நின்றார். திரும்பும்போது பஸ் டிக்கெட் எடுக்கக்கூட என்னை விடவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை, அடுத்த மாதம் வாய்தா. அதே மேடம்தான் வருகிறார். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால் தோட்டைக் கழற்றும் முன் சட்ட உதவி எண் 15100-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், மனு எழுதிக் கொடுத்த அந்த அண்ணனுக்கு: தம்பி உங்களைப் பார்க்க வருகிறான். இரண்டு நீலப் பேனா கேட்டீர்களாம், உள்ளே விடுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.