எழுதிக் கொடுத்த பிள்ளைகள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் பரவாயில்லை, மற்ற எல்லாரும் நலம். உன் பெரியவனுக்கு வேலை கிடைத்ததைக் கண்ணாடி அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் உன்னைத் தனியாகத் திட்டவேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பள்ளியில் சேவைக் குழுவை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். 32 பிள்ளைகள். பொறுப்பு வந்ததும் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஆண்டு விழா, வரவேற்பு. விளையாட்டு விழா, தண்ணீர் கொடுத்தல். பரிசளிப்பு விழா, தட்டு ஏந்துதல். பக்கம் பக்கமாக இதேதான்டி. எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் மேடைப் படியில் பூங்கொத்தோடு நின்று நின்றே மயங்கி விழுந்தாயே! விழும்போதும் பூங்கொத்தை விடவில்லை என்று நம் மூன்றாவது பெஞ்சு இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றைக்கும் உன் பெயருக்கு நேரே ‘சேவை, 3 மணி நேரம்’ என்றுதான் எழுதினார்கள்.

அப்போது நமக்குக் கோபம் வரவில்லை. இப்போது வருகிறது. வந்தவர்களை வரவேற்பது தப்பில்லை. ஆனால் பெண்பிள்ளைகள் பள்ளி என்றால் சேவை என்பது அழகாக உடுத்திக்கொண்டு வாசலில் நிற்பதுதான் என்று யார் முடிவு செய்தது? சாரணியர் இயக்கம் எப்படித் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி நடந்தபோது, அழைக்காமலே சில பெண்கள் வந்து, நாங்களும் சாரணர்கள்தான் என்று நின்றார்கள். அடுத்த வருடமே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் பெண்களுக்கென்று தனி அமைப்பு வந்துவிட்டது. அந்த ‘அழைக்காமலே’ என்ற சொல்லை என் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நாமும் எங்காவது போகலாம் டீச்சர் என்று ஒரே நச்சரிப்பு.

அந்தச் சமயத்தில்தான் பார்வையற்ற மாணவிகள் படிக்கும் பள்ளி ஒன்றிலிருந்து, அரையாண்டுத் தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்கிரைப் வேலை. வேகமாக எழுதத் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லைடி. கேள்வியை ஏற்ற இறக்கம் காட்டாமல் படிக்க வேண்டும், குரலே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். படம் இருந்தால் அதில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும், நமக்குப் புரிந்ததைச் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், தப்பு என்று தெரிந்தாலும் அவர்கள் சொன்னதையே எழுத வேண்டும். ஒரு மாதம் மாலை வேளைகளில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, இன்னொருத்தி எழுதிப் பழகினார்கள்.

தேர்வு டிசம்பர் 5 அன்று தொடங்கியது. அன்று தன்னார்வலர் நாள் என்று எங்கள் பள்ளியில் விழா. ஐ.நா. 1985-ல் அறிவித்த நாள். தன்னார்வலர்களுக்கான அந்த விழாவுக்கு வரவேற்பில் நிற்க என் குழுவைக் கேட்டார்கள். பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள் என்றேன். “வரவேற்புக்கு நிற்கத்தானே அந்தக் குழுவே இருக்கிறது?” என்று தலைமையாசிரியை கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் முடியாது என்று சொன்னேன். கை நடுங்கியது. ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று மதியம் வெளியே வந்த பிள்ளைகளை நீ பார்த்திருக்க வேண்டும். வாயாடி என்று பெயரெடுத்தவள் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: “பாவம் என்று நினைத்துத்தான் போனேன் டீச்சர். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னாள். நான் ஒரு சொல்லை விட்டிருந்தேன், உடனே பிடித்துவிட்டாள். எனக்கு வேர்த்துவிட்டது.” இன்னொருத்தி அழுதுகொண்டு வந்தாள். வரலாற்றுத் தாளில் அந்தப் பெண் ஓர் ஆண்டைத் தப்பாகச் சொன்னாளாம், இவளுக்குச் சரியான விடை தெரியுமாம். “அவள் சொன்னதையே எழுதிட்டேன் டீச்சர், நான் செய்தது சரிதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சரிதான் என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அந்தத் தப்பு அந்தப் பெண்ணுடையது, அவளுடைய தேர்வு. நல்லது செய்கிறோம் என்று அதில் கை வைக்காமல் இருக்க, பதினான்கு வயதில் இவளுக்கு எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்திருக்கும்!

பள்ளியில் இன்னும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறார்கள். அடுத்த வருடம் குழுவை வேறு யாரிடமாவது கொடுக்கப்போவதாகக் காதில் விழுகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லைடி. எனக்குப் பொறுப்பு போனால் பரவாயில்லை, பிள்ளைகள் மறுபடி படிக்கட்டில் நிற்கப் போய்விடுவார்களோ என்றுதான் பயம்.

அதற்குள் ஒரு வேலை முடியவேண்டும், அதற்கு நீ வேண்டும். ஆண்டுத் தேர்வுக்குக் கணக்குத் தாளுக்கும் ஆள் கேட்டிருக்கிறார்கள். ‘இரண்டு கூட்டல் மூன்று, வகுத்தல் ஐந்து’ என்று வாயால் சொன்னால் எது மேலே எது கீழே என்று எப்படித் தெரியும்? அடைப்புக்குறி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் தமிழ் டீச்சர், விழிக்கிறேன். வடிவியலை நடையாய் நடந்து நமக்கெல்லாம் வாயாலேயே சொல்லிக் கொடுத்தவள் நீ. ஒரு சனிக்கிழமை வா. கண்ணாடி அக்காவும் வருகிறேன் என்கிறார். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் உடனே எழுது. என்னைப்போல நாலு மாதம் ஆக்காதே.

அன்புடன்,
உன் மூன்றாவது பெஞ்சுக்காரி